கையெழுத்துப் போடக்கூடாதவள்

வயிற்றில் ஒரு கட்டி, எடுத்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னபோது டைப்பிஸ்டம்மா கேட்டது ஒரே கேள்விதான். என்றைக்கு? அடுத்த திங்கட்கிழமை என்றார் அவர். அன்று புதன். அறுவை சிகிச்சைக்கு முன்னால் எதைச் சாப்பிடலாம், எதைக் கூடாது என்று டாக்டர் விளக்கிக்கொண்டிருக்க, அவள் தலையை ஆட்டினாளே தவிரக் காதில் வாங்கவில்லை. நாலு நாளில் உயில் எழுதி, இரண்டு சாட்சிகளைப் பிடித்து, கையெழுத்து வாங்கிவிட முடியுமா என்பதே அவள் யோசனையாக இருந்தது.

எழுபத்தோரு வயது வரை உயில் எழுதாமல் இருப்பது ஊரில் நடக்காத சங்கதி இல்லை. ஆனால் அவள் அப்படி இருந்திருக்கக் கூடாது. முப்பத்தாறு வருஷம் ஒரு வக்கீல் ஆபீஸில் மற்றவர்களுடைய உயில்களை டைப் அடித்தவள். ‘நான் நல்ல நினைவோடும், எவருடைய வற்புறுத்தலும் இல்லாமலும்’ என்ற வரியை அவள் விரல்கள் தூக்கத்தில்கூட அடிக்கும். இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் விடாமல் ஒரு தாளையும் மெஷினில் செருக மாட்டாள் என்பதால் ஆபீஸ் குமாஸ்தா அவளுக்கு ‘மார்ஜின்’ என்று பெயர் வைத்தார். அது அவளோடு ஒட்டிக்கொண்டு, ஓய்வு பெற்ற பிறகு குடியிருப்பு வரைக்கும் வந்து சேர்ந்தது.

வக்கீலின் அறைக்கும் அவளுடைய மேஜைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு இருந்தது. கூரைவரை போகாத தடுப்பு. வயதானவர்களிடம் வக்கீல் பேசுவதெல்லாம் அதைத் தாண்டி வந்து அவள் காதில் விழும். பாசத்தில் உருகி, உயிரோடு இருக்கும்போதே வீட்டைப் பிள்ளை பேருக்கு மாற்றாதீர்கள், அப்புறம் உங்கள் வீட்டிலேயே நீங்கள் விருந்தாளி என்பார். உயிலை வங்கி லாக்கரில் வைக்காதீர்கள் என்பார். லாக்கரைத் திறக்க உயிலைக் கேட்பார்கள், உயிலை எடுக்க லாக்கரைத் திறக்க வேண்டும், உங்கள் பிள்ளைகள் நடுவில் நின்று தலையைச் சொறிவார்கள். சாட்சி உங்களைவிட வயதில் இளையவராக இருக்கட்டும், பிறகு கோர்ட்டில் வந்து சொல்ல ஆள் வேண்டாமா என்பார். யாருக்குச் சொத்தை எழுதுகிறீர்களோ அவரை மட்டும் சாட்சியாகப் போட்டுவிடாதீர்கள், உயில் நிற்கும், அவருக்கு எழுதியது நிற்காது என்பார்.

கடைசியாக ஒன்றைக் குரலைத் தாழ்த்திச் சொல்வார். யாருக்கு எழுதியிருக்கிறோம் என்பதை வெளியில் விடாதீர்கள். தெரிந்த பிறகும் அவர்கள் அன்பாகத்தான் வருவார்கள். ஆனால் எதற்கு வருகிறார்கள் என்ற சந்தேகம் உங்களுக்கு வந்துவிடும். அது வந்துவிட்டால் போகாது.

வக்கீல் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவர் குரல் அவளிடம் இருந்தது. குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகள். பெரும்பாலும் பென்ஷன்காரர்கள். யாருக்குக் காகிதம் வந்தாலும் மூன்றாவது மாடிக்கு ஏறி வருவார்கள். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிப்பாள். முதல் மாடிக் கண்டக்டரிடம் அவருடைய மாப்பிள்ளை ஒரு பவர் பத்திரத்தை நீட்டி, பேங்க் வேலைக்குத்தான் மாமா, சும்மா ஒரு கையெழுத்து என்றிருந்தான். ஏழாவது பத்தியில் ‘விற்கவும் அடமானம் வைக்கவும்’ என்று இருந்ததை அவள்தான் எடுத்துக் காட்டினாள். தரைத்தளத் தையல்காரர் இலவசம் என்று நம்பித் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷினை மாட்டிக்கொண்டார். காகிதத்தின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் ஐந்து வருஷ ஒப்பந்தம். பத்து நாளுக்குள் ரத்து செய்யலாம் என்றும் அதே எறும்பு எழுத்தில் இருந்தது. ஒன்பதாவது நாள் அவள் கடிதம் அடித்துப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். மெஷினைக் கழற்றிக்கொண்டு போனார்கள். சுவரில் நாலு ஓட்டை மிச்சம்.

அந்த வருஷக் குடியிருப்போர் கூட்டத்தில் அவளைப் பேசச் சொன்னார்கள். அவளுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. எழுந்து நின்று ஒரே ஒரு விஷயம் சொன்னாள்.

"முழுசாப் படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. யார் கேட்டாலும் சரி. நானே வந்து கேட்டாலும் சரி."

எல்லோரும் சிரித்துக் கை தட்டினார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்பவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வேறு நகரத்தில் ஓர் அண்ணன். வருஷத்துக்கு இரண்டு தடவை ஃபோன். உடம்பு எப்படி இருக்கு என்பான், அடுத்து வீட்டுப் பத்திரமெல்லாம் எங்கே வைத்திருக்கிறாய் என்பான். கெட்டவன் இல்லை. இரண்டு பையன்களுக்குத் தகப்பன், அவ்வளவுதான். உயில் இல்லாமல் அவள் கண்ணை மூடினால் வீடு அவனுக்குத்தான் போகும். ஒரு மாதத்தில் விற்றுவிடுவார்கள்.

அவளுக்கு வீட்டை எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும்.

எதிர்வீட்டில் வாடகைக்கு இருப்பவள் பேக்கரியில் அடுப்படி வேலை பார்க்கிறவள். நாற்பத்துநாலு வயது. புருஷன் எங்கே என்று கேட்டால், "இருக்கான், எங்கேன்னுதான் எனக்கும் தெரியல" என்பாள். விடிவதற்கு முன்னால் போய்விட்டுப் பதினோரு மணிக்குத் திரும்புவாள். திரும்பியதும் தன் வீட்டைத் திறக்காமல் நேரே இங்கே வந்து, ஓரம் கருகியதால் விற்காமல் போன ரொட்டியை மேஜையில் வைத்துவிட்டு, மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் சாய்வாள். முதலாளியைத் திட்டத் தொடங்குவாள். திட்டி முடிப்பதற்குள் தூங்கிவிடுவாள். புருவத்தில் மாவு ஒட்டியிருக்கும். பதினைந்து நிமிஷம். டைப்பிஸ்டம்மா அந்தப் பதினைந்து நிமிஷமும் பாத்திரம் எதையும் நகர்த்த மாட்டாள். எழுந்ததும், "எங்க விட்டேன்?" என்று கேட்டு விட்ட இடத்திலிருந்து முதலாளியைத் திட்டுவாள். முதல் வருஷம் மேடம் என்று கூப்பிட்டவள் பிறகு அக்கா என்றாள். ஒன்பது வருஷம் இப்படிப் போயிற்று. ஆஸ்பத்திரியில் பொறுப்பாளர் என்ற கட்டத்தில் யார் பெயர் என்று கேட்டபோது டைப்பிஸ்டம்மா யோசிக்காமல் அவளுடைய ஃபோன் நம்பரைத்தான் சொன்னாள்.

இப்போது எதிர்வீட்டு உரிமையாளர் வீட்டை விற்கிற யோசனையில் அவளை வருஷக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார். இதைச் சொன்ன அன்று மட்டும் அவள் தூங்கவில்லை.

வியாழக்கிழமை டைப்பிஸ்டம்மா பழைய மெஷினின் உறையை எடுத்தாள். ஆபீஸில் கம்ப்யூட்டர் வந்தபோது அவள் கேட்டு வாங்கிக்கொண்ட மெஷின். முதல் பத்தி தானாக ஓடியது. இரண்டாவது பத்தியில் கை நின்றது. கட்சிக்காரர்களுக்கு அந்த இடத்தில் சுலபமான வார்த்தை ஒன்று இருக்கும். என் மகள், என் தம்பி மகன், என் மனைவியின் தங்கை. இங்கே என்ன போடுவது? தோழி என்று அடித்தாள். பொய் மாதிரி இருந்தது. வேறு தாள் செருகினாள். மகள் போன்ற என்று அடித்தாள். அந்தப் பெண் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. மூன்றாவது தாளில் ‘என் எதிர்வீட்டில் குடியிருப்பவரும், ஒன்பது ஆண்டுகளாக என்னை அறிந்தவருமான’ என்று அடித்து, அந்தப் பெண்ணின் முழுப்பெயரையும் அடித்தாள். முப்பத்தாறு வருஷத்தில் அப்படி ஒரு வரியை அவள் யாருக்கும் அடித்ததில்லை. இரண்டு பக்கத்தில் முடிந்துவிட்டது. வாழ்நாள் முழுக்கச் சேர்த்தது இரண்டு பக்கம்.

சாட்சிகளுக்கு ஒரு பட்டியல் போட உட்கார்ந்தாள். ஐந்து பெயருக்கு மேல் வரவில்லை.

முதலில் பழைய குமாஸ்தாவுக்கு ஃபோன் செய்தாள். இருமலுக்கு நடுவே அவர் சிரித்தார்.

"ஏம்மா மார்ஜின், உனக்கே ஏழு வயசு மூத்தவன் நான். என்னைச் சாட்சி போட்டா நான் கோர்ட்டுக்கு ஆவியா வந்துதான் சொல்லணும். ஜட்ஜு பயந்துருவாரு."

இளையவர் யாராவது சொல்லுங்கள் என்று கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தனக்குத் தெரிந்த இளையவர்கள் எல்லாரும் எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டதாகச் சொன்னார். பிறகு, உன் உடம்புக்கு என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள்.

தெருமுனை மருந்துக்கடைக்காரர் உடனே சரி என்றார். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. படித்துப் பார்க்க வேண்டாமா என்று கேட்டாள்.

"எந்த மாத்திரை குடுத்தாலும் அட்டையைத் திருப்பித் தேதி பாக்கற ஆளு நீங்க. நீங்க எழுதின காகிதத்துல நான் என்னத்தக் கண்டுபிடிக்கப்போறேன்? ஞாயித்துக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திட்டு வர்றேன்."

ஒருவர் ஆயிற்று. இன்னும் ஒருவர். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இருந்து, அவள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து, தாங்களும் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. பன்னிரண்டு வீட்டில் ஒருவர் கிடைக்க மாட்டாரா என்று வெள்ளிக்கிழமை காலையில் இறங்கிப் போனாள்.

கண்டக்டருக்கு அறுபத்தைந்து வயது. ஆள் திடகாத்திரம். அவளை உட்கார வைத்து, விஷயத்தைக் கேட்டு, தாராளமாகப் போடலாம் என்று சொல்லிக் கண்ணாடியைத் தேடினார். எதற்குக் கண்ணாடி என்றாள். படிக்கத்தான் என்றார். அவருக்குக் கண்ணில் பட்டது மனசில் தங்காது, வாய் வழியாக வெளியே வந்துவிடும். முதல் மாடியில் அவரிடம் ஒன்றைச் சொன்னால் அவள் படியேறி மேலே போவதற்குள் அது அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும். சாட்சி படிக்க வேண்டியதில்லை, நான் கையெழுத்துப் போடுவதைப் பார்த்தால் போதும், சட்டம் அப்படித்தான் என்று அவள் விளக்கினாள்.

கண்டக்டர் கண்ணாடியை மடித்தார்.

"மாப்பிள்ளையும் அப்படித்தான்மா சொன்னான்."

அவர் குத்திக் காட்டவில்லை. மெய்யாகவே சங்கடப்பட்டார். நீங்கள்தானே சொன்னீர்கள், நானே வந்து கேட்டாலும் என்று. அவள் எழுந்து வந்துவிட்டாள்.

தையல்காரர் மெஷினை நிறுத்தாமலே பேசினார். அந்தத் தண்ணீர் மெஷின் விவகாரத்துக்குப் பிறகு பெண்டாட்டி அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டால் சோறு கிடையாது. "நீங்க போட்ட பூட்டுதான்மா. சாவியும் நீங்களே வெச்சிருந்தா பரவால்ல" என்றார். இரண்டாவது மாடியில் ஒருத்தி கதவைத் திறந்து, பிள்ளையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். பிள்ளை வெளிநாட்டில் இருந்தான். மற்றவர்களும் இப்படித்தான். யாரும் அவளை அவமதிக்கவில்லை. அவள் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தார்கள். பத்து வருஷமாகப் பன்னிரண்டு வீட்டையும் காப்பாற்றி வைத்ததில், தனக்கென்று ஒரு கதவைக்கூடத் திறந்து வைக்க மறந்துபோனாள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு எதிர்வீட்டுப் பெண் வந்தாள். ரொட்டியை வைத்தாள். சாயவில்லை. இடுப்பில் செருகியிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள்.

"எங்க போடணும்?"

டைப்பிஸ்டம்மாவுக்கு விளங்க ஒரு நொடி ஆயிற்று. தையல்காரர் சொல்லியிருக்கிறார்.

"உனக்கு எதுக்கு இதெல்லாம்."

"வீடு வீடாப் போய் நின்னீங்களாமே. கண்டக்டர் வீட்டுக்குப் போவீங்க, தையக்காரர் வீட்டுக்குப் போவீங்க, எதிர்ல இருக்கறவ கண்ணுக்குத் தெரியல. குடுங்க. நான் படிக்கக்கூட மாட்டேன். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது."

காகிதம் மேஜை இழுப்பறையில் இருந்தது. கையை நீட்டினால் எட்டும். அந்தப் பேனா இரண்டு தாளிலும் ஒரு தடவை ஓடினால் போதும், சாட்சி இரண்டும் ஆகிவிடும், திங்கட்கிழமை நிம்மதியாகப் படுக்கலாம். ஆனால் அந்தக் கையெழுத்தோடு அவளுக்கு எழுதியது நிற்காது, வீடு அண்ணனுக்குப் போய்விடும். கேட்காமல் கையெழுத்துப் போட உலகத்தில் ஓர் ஆள் இருக்கிறது. அது போடவே கூடாத ஆள்.

சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். ஒரு வாக்கியம். உனக்குத்தான் எழுதியிருக்கிறேன், அதனால்தான் என்று. சொன்னால் இந்தப் பெண் என்ன செய்வாள்? அழலாம், வேண்டாம் என்று சண்டை போடலாம், பேசாமல் ரொட்டியை வெட்டலாம். நாளைக்கும் வருவாள். அக்கா என்பாள். நாற்காலியில் சாய்வாள். அப்போது தூங்குவாளா, தூங்குவது போல இருப்பாளா? அதைக் கண்டுபிடிக்க எந்த எழுத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க முடியாது. பலகைக்கு மேலே வந்த குரல் சரியாகத்தான் சொன்னது. சந்தேகம் அந்தப் பெண்ணுக்கு வராது, தனக்குத்தான் வரும்.

"நீ போடக்கூடாது" என்றாள்.

"ஏன்?"

"கூடாதுன்னா கூடாது. சட்டம் இருக்கு."

"என்ன சட்டம்? ரொட்டி சுடறவ கையெழுத்து செல்லாதுன்னா?"

"அப்படி இல்ல."

"அப்ப எப்படி? சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

 பேசினால் அடுத்த வார்த்தையில் வந்துவிடும் என்று தெரிந்தது. டைப்பிஸ்டம்மா உதட்டை மடித்துக்கொண்டாள். எதிர்வீட்டுப் பெண் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவை மூடினாள்.

"மருந்துக்கடைக்காரரை நம்பறீங்க. சரி. ஒன்பது வருஷமா வந்து உங்க நாற்காலில தூங்கியிருக்கேன், அதை இப்ப நினைச்சா எனக்கே வெக்கமா இருக்கு."

கதவைச் சாத்தாமல் போனாள். எதிர்க் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. ரொட்டி காகிதப் பையிலேயே இருந்தது. டைப்பிஸ்டம்மா எழுந்து போய்ப் பெல்லை அழுத்தலாம் என்று வாசல்வரை நடந்தாள். நடுவில் ஆறடி. அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மருந்துக்கடைக்காரர் சொன்னபடி வந்துவிட்டார். இன்னொருவர் யார் என்று கேட்டார். அவள் பால்கனிக்குப் போய்க் கீழே பார்த்தாள். வாட்ச்மேன் நிழலில் உட்கார்ந்து வண்டி நம்பர்களை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். பட்டியலில் அவர் பெயரை அவள் எழுதவில்லை. ஏன் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருந்தது. பத்து வருஷமாக வணக்கம் சொல்கிறவர்.

வாட்ச்மேன் மேலே வந்து செருப்பை வெளியில் விட்டார். விஷயத்தைக் கேட்டார். கூட்டத்தன்று தண்ணீர் டம்ளர் கொடுத்துக்கொண்டு தானும் ஓரமாக நின்றதாகச் சொன்னார்.

"நீங்களே கேட்டாலும் படிக்காமப் போடக்கூடாதுன்னு சொன்னீங்க. படிச்சுட்டுப் போடறேன்மா. மெதுவாத்தான் படிப்பேன். பரவால்லயா?"

மருந்துக்கடைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாளைக்குத் திங்கட்கிழமை. டைப்பிஸ்டம்மா இழுப்பறையைத் திறந்து இரண்டு தாளையும் எடுத்து வாட்ச்மேன் முன்னால் வைத்தாள். அவளைத் தவிர வேறு கண் பட்டிராத தாள்கள்.

அவருக்கு வாய்விட்டுத்தான் படிக்க வரும். வரிக்குக் கீழே விரலை வைத்து, நீளமான வார்த்தைகளை இரண்டாக உடைத்து, உடைத்ததைத் திரும்பச் சேர்த்துப் படித்தார். முப்பத்தாறு வருஷம் அடித்த வரிகள் முதல்முறையாக ஒரு மனிதக் குரலில் அவளைப் பற்றியே சொல்லின. நல்ல நினைவோடு. எவருடைய வற்புறுத்தலும் இல்லாமல். எனக்குக் கணவரோ பிள்ளைகளோ இல்லை. இந்த வரியில் அவர் கொஞ்சம் தயங்கினார், தப்பாகப் படித்துவிட்டோமோ என்று மறுபடி படித்தார். மருந்துக்கடைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் இரண்டாவது பத்திக்கு இறங்கியது. என் எதிர்வீட்டில் குடியிருப்பவரும், ஒன்பது ஆண்டுகளாக என்னை அறிந்தவருமான. அங்கே நின்றது.

அவர் தலையைத் தூக்கி, திறந்திருந்த வாசல் வழியாக எதிர்க் கதவைப் பார்த்தார்.

"அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நேத்து சாயங்காலம் கோவமா வெளிய போனாங்களே. படியில அழுதுட்டே இறங்கி வந்தாங்க, நான் பாத்தேன்."

"தெரியும். நீங்க சொல்லக்கூடாது."

வாட்ச்மேன் மறுபடி விரலை வரியில் வைத்தார். மீதியையும் ஒரு வார்த்தை விடாமல் படித்து முடித்தார். பிறகு பேனா கேட்டார். அவள் முதலில் போட்டாள்.  மருந்துக்கடைக்காரர் அவசரமாகச் சுழித்தார். வாட்ச்மேன் தன் பெயரை அச்செழுத்து மாதிரி எழுதத் தொடங்கினார்.

படிகளில் செருப்புச் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பேக்கரியில் கூட்டம், அவள் ஒரு மணிக்குத்தான் வருவாள். மேலே வந்தவள் திறந்திருந்த வாசலுக்கு நேரே நின்றாள். மேஜையைச் சுற்றி மூன்று பேர். வாட்ச்மேன் கையில் பேனா. அவள் வாட்ச்மேனைப் பார்த்தாள், பேனாவைப் பார்த்தாள். இவரும்கூடவா என்று கேட்பது போல டைப்பிஸ்டம்மாவைப் பார்த்தாள். புருவத்தில் மாவு இருந்தது. கையில் பை இல்லை.

டைப்பிஸ்டம்மா இரண்டாவது பத்தியின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தாள்.

வாட்ச்மேன் வாயைத் திறந்தார். டைப்பிஸ்டம்மா தலையை அசைத்தாள், வேண்டாம் என்று. எதிர்வீட்டுப் பெண் அதையும் பார்த்தாள். திரும்பிச் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தாள், உள்ளே போனாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. பகலில் அவள் தாழ்ப்பாள் போட்டு யாரும் கேட்டதில்லை.

வாட்ச்மேன் பாதியில் நின்ற பெயரை எழுதி முடித்தார். மருந்துக்கடைக்காரர் எழுந்திருக்கப் பார்த்தார்.

"இருங்க" என்றாள் டைப்பிஸ்டம்மா. முதல் தாளைக் கவிழ்த்து ஓரமாக வைத்தாள். "இன்னொரு பக்கம் இருக்கு. அதுலயும் போடணும்."